தெர்சாவை ஒரு முறைதான் கேட்டார்கள்

பேர்ன் மலையைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளுக்குக் கணக்கே இல்லை. வரி கேட்க வந்த அதிகாரி வாத்தாக மாறி, வாத்தான பிறகும் வீடு வீடாக வரி கேட்டுக்கொண்டு திரிந்த கதை உண்டு. தூங்குகிற பூதத்தின் மூக்குக்குள் ஆடு மேயப் போன கதை உண்டு. இரண்டு மந்திரக்காரர்கள் ஒரு பன்றிக்காக அடித்துக்கொள்ள, கடைசியில் பன்றி ஜெயித்த கதையும் உண்டு. சொல்லிச் சொல்லி, எது நடந்தது, எது நாங்களாக ஏற்றிவிட்டது என்று எங்களுக்கே மறந்துவிட்டது. அந்தக் கதைகள் எதிலும் தெர்சா பிராக் என்ற பெயர் வராது. வந்திருக்க வேண்டியவள். அவள் இடத்தில் டோர்க்கஸ் என்றொருத்தி வருகிறாள், காற்றின்மேல் ஏறி வருகிறாள், புயலைக் காதைப் பிடித்துத் திருப்புகிறாள், கேட்கிற பிள்ளைகள் வாயைப் பிளக்கின்றன. தெர்சாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் போகட்டும், நான் சொல்கிறேன்.

எங்கள் நெதர்விக் பள்ளத்தாக்கில் எதையும் முதல் தடவை கேட்டவுடன் வாங்கிக்கொள்கிற பழக்கம் கிடையாது. ஒரு வாய் ரொட்டியானாலும் சரி, ஒரு துண்டு நிலமானாலும் சரி, முதலில் "வேணாம்" என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கேட்டால் "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவைதான் பெருமூச்சு விட்டுக்கொண்டு, ஏதோ கொடுக்கிறவருக்காக வாங்குவதுபோல் வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்கிறவனுக்கும் இது தெரியும். மூன்று தடவை கேட்காமல் விட்டவன் மனுஷனே இல்லை. ஒருமுறை கொல்லன் வீட்டுக் கூரை தீப்பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரன் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, "ஊத்தட்டுமா?" என்றான். "அட, வேணாம்ப்பா, நீ வேற" என்றான் கொல்லன். மூன்றாவது தடவை கேட்டு முடிப்பதற்குள் பாதிக் கூரை போய்விட்டது. இரண்டு பேருடைய மரியாதையையும் ஊரே மெச்சியது. வெளியூரிலிருந்து வந்த புதுப் பாதிரியார், தான் நடத்திவைத்த முதல் கல்யாணத்தில், "இவனை ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டிருக்கிறார். பெண் தலையைக் குனிந்துகொண்டு "வேணாங்க" என்றதும் புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். பந்தியிலிருந்து அவரை இழுத்துக்கொண்டு வந்து மறுபடியும் நிற்க வைத்தார்கள்.

மேட்டுக்காரர்கள் வேறு ரகம். பேர்ன் மலை உச்சிக்குள்ளே குடியிருக்கிற அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதால் மேட்டுக்காரர்கள் என்கிறோம். மழை, பனி, காற்று எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் காற்றை ஓட்டுவதற்கு மட்டும் அவர்களுக்கு ஒரு மனுஷப் பெண் வேண்டும். மனுஷ உடம்பின் சூடு இல்லாவிட்டால் காற்று சொன்ன பேச்சு கேட்காது. ஒரு தலைமுறைக்கு ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். அவள் காற்றுக்காரி. ஆட்டுப்பட்டியை அடைக்கிற படல் இருக்கிறதே, அதன்மேல் குதிரையில் உட்காருவதுபோல் உட்கார்ந்து வானத்தில் போவாள். ஆலங்கட்டி மழையை ஆளில்லாத பாறைப் பக்கம் தள்ளிவிடுவாள். பனியில் மாட்டிய ஆடுகளுக்கு வழி திறப்பாள். காலம் போகப் போக அவள் உடம்பின் சூடு தீர்ந்துவிடும். பிறகு அவளும் ஒரு மேட்டுக்காரிதான், கீழே உள்ளவர்கள் யாரும் அவளுக்கு நினைவிருக்காது. அதெல்லாம் போகப்போகத்தானே என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ராஜா வந்தாலும் தொப்பியைக் கழற்ற யோசிக்கிற எங்கள் ஆட்கள், காற்றுக்காரியின் நிழல் போனாலே கழற்றிவிடுவார்கள். கழற்றாதவர்கள் தொப்பியை அவளே கழற்றிவிடுவாள் என்பது வேறு விஷயம்.

தெர்சாவுக்கு நடக்கக் கற்ற நாளிலிருந்து வேறு ஆசை கிடையாது. காதைச் சாய்த்து நின்று நாளைக்கு எந்தப் பக்கத்துக் காற்று என்று சொல்லுவாள், சொன்னபடி வரும். பட்டியில் படலைத் திறக்கச் சொன்னால் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள், ஆடுகள் எல்லாம் வெளியே நின்று கத்தும். "கூப்பிட்டா இவளைத்தான் கூப்பிடுவாங்க" என்று ஊரே சொல்லிற்று. அவள் அம்மாவும் "அட, நீங்க வேற" என்று சொல்லிக்கொண்டே மகளுக்கு இரண்டு கம்பளிக் காலுறை கூடுதலாகப் பின்னி வைத்தாள். மேலே குளிருமல்லவா?

கூப்பிட வந்தது அவளுடைய பதினைந்தாவது வயதில், ஆடுகளுக்குக் கம்பளி வெட்டி முடித்து ஊர் கூடிச் சாப்பிடுகிற மத்தியானத்தில். பர்டாக் என்கிற மேட்டுத் தூதன் வந்து இறங்கினான். முழங்கால் உயரம்தான் இருப்பான். இலை நிறத்தில் கோட்டு, மூக்குப்பொடி அப்பிய மூக்கு, ஏழு நாள் தூங்காதவன் மூஞ்சி. சாப்பாட்டு மேசைமேலேயே படலை இறக்கினான்.

"தெர்சா பிராக் யாரு?"

தெர்சா எழுந்து நின்றாள்.

"காத்துக்கு ஆள் வேணும். வர்றியா?"

அவள் நெஞ்சு அப்போது குதித்த குதி இருக்கிறதே, அதைப் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாமே கிடைத்துவிட்டது. முகம் சிவந்தது. வளர்த்த வளர்ப்பு முன்னால் வந்து நின்றது. தரையைப் பார்த்துக்கொண்டே, "ஐயோ, நானாங்க? வேணாங்க, நமக்கெதுக்கு அதெல்லாம்" என்றாள். எவ்வளவு அழகாகச் சொன்னாள் என்று அம்மா பெருமையோடு சுற்றிப் பார்த்தாள்.

"சரி" என்றான் பர்டாக்.

பிறகு மேசை ஓரத்துக்குத் திரும்பினான். அங்கே டோர்க்கஸ் உட்கார்ந்திருந்தாள். அப்பன் குடிகாரன், அம்மா இல்லை, பந்தி என்றால் முதலில் உட்கார்ந்து கடைசியில் எழுந்திருக்கிற பெண். பசி இருக்கிற வீட்டில் மரியாதை எங்கே தங்கும்? எதைக் கேட்டாலும் முதல் தடவையே சரி என்று சொல்லிவிடுவாள் என்று ஊரே அவளைக் கேலி பேசும்.

"நீ வர்றியா?"

"வர்றேன்" என்றாள் டோர்க்கஸ், வாய் நிறையக் கறி அடைத்த ரொட்டியோடு. இன்னொரு ரொட்டியையும் கையில் எடுத்துக்கொண்டாள். படல் எழும்பியது, பீர் குவளைகள் உருண்டன, கூரைக்கு மேலே போய் மறைந்துவிட்டார்கள். தெர்சா இன்னும் தலை குனிந்து நின்றிருந்தாள், இரண்டாவது தடவை கேட்பதற்காக.

கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. காற்றுக்காரியை எங்கள் ஊரில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, அதற்கு முன்னால் இருந்தவள் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. மேட்டுக்காரர்களிடம் ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான், மனசில் ஒன்றை வைத்து வாயில் ஒன்றைச் சொல்ல அவர்களுக்குத் தெரியவே தெரியாது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. "மரியாதை தெரியாத ஜென்மங்க" என்று கிழவர்கள் வானத்தைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். தெர்சாவின் அம்மா மட்டும், "எம் பொண்ணு முறையாத்தான் நடந்துக்கிட்டா" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டாள்.

தெர்சா என்ன செய்தாள்? மலையேறினாள். உச்சியில் நின்று, "வர்றேன்! வர்றேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். மேட்டுக்காரர்கள் தாங்கள் கேட்ட கேள்விக்குத்தான் பதிலை எடுத்துக்கொள்வார்கள், கேட்காததற்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு பனிக்காலம் முழுக்க அப்படியே ஏறி இறங்கினாள். கிட்டத்தட்ட செத்துப் பிழைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அதோடு ஒரு சபதம் எடுத்துக்கொண்டாள்: இனி என் வாயிலிருந்து "வேணாம்" என்ற சொல் வராது.

அந்தச் சபதத்தில் முதலில் வந்து விழுந்தவன் ஜோப் கார்த். சுண்ணாம்பு, மண் எதுவும் வைக்காமல் கல்லோடு கல்லைக் கோத்துச் சுவர் எழுப்புகிறவன். அதிகம் பேசாதவன். வாரக்கணக்கில் தைரியம் சேர்த்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தெர்சாவிடம் வந்தான்.

"என்னைக் கட்டிக்கிறியா?"

"கட்டிக்கிறேன்."

ஜோப் வெலவெலத்துப் போனான். அடுத்த இரண்டு தடவைக்கும் என்னென்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவன். "உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டான். மறுநாள் வந்து, "நேத்து கேட்டது ஒண்ணு. முறைப்படி இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு, கேட்டுடறேன்" என்று நின்ற இடத்திலேயே கேட்டு முடித்தான். மூன்றுக்கும் சரி என்று சொன்ன ஒரே பெண் எங்கள் ஊரில் அவள்தான்.

நல்ல மனுஷன். அவனோடு வாழ்ந்ததில் குறை சொல்ல எதுவுமில்லை, தெர்சாவும் சொன்னதில்லை. ஆனாலும் அடுப்பில் கஞ்சி கொதிக்கும்போதும் அவள் காது கூரையில்தான் இருக்கும். படல் போகிற சத்தம் கேட்டால் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். ஒரே ஒரு நாள் ஜோப், கையில் இருந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கி என்கிட்ட சரின்னு சொன்னியே தெர்சா, அது எனக்குச் சொன்னதா, இல்ல அந்தத் தூதனுக்கா?" என்று கேட்டான். அவள் எழுந்து போய்க் கஞ்சியைக் கிளறினாள். அவனும் அதற்கப்புறம் கேட்கவில்லை. மற்ற எதையும் மூன்று தடவை கேட்கிறவன்.

வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் டோர்க்கஸைப் பக்கத்தில் பார்த்தாள். படல் தாழ்ந்து கொடிக்கு மேலே வந்து நின்றது. டோர்க்கஸுக்கு வயது ஏறவே இல்லை. அதே பதினைந்து வயது முகம். ஆனால் அவள் வந்து நின்றதும் ஈரத் துணியெல்லாம் விறைத்துப் போயிற்று.

"டோர்க்கஸ்! நான்தான்டி, தெர்சா!"

"தெர்சாவா? அது யாரு?"

"என்னடி இப்படிக் கேக்குற? நான் பிராக் வீட்டுப் பொண்ணு. கம்பளி வெட்டுன அன்னைக்கி ஒரே மேசையில உக்காந்து சாப்பிட்டோமே!"

டோர்க்கஸ் யோசித்தாள். எங்கேயோ ஆழத்தில் கையை விட்டுத் துழாவுவதுபோல் யோசித்தாள். "கறி வச்ச ரொட்டி ஒண்ணு இருந்துச்சு" என்றாள். "சூடா இருந்துச்சு. அது நீயா?"

"அது ரொட்டிடி. நான் தெர்சா."

"ஓ" என்றாள் டோர்க்கஸ். போய்விட்டாள்.

கண் இருக்கிறவள் அன்றைக்கே பார்த்திருப்பாள். தெர்சாவும் பார்த்தாள், ஆனால் எதைப் பார்த்தாள் தெரியுமா? படலைப் பார்த்தாள். அது திரும்பின லாகவத்தைப் பார்த்தாள். இப்படித்தானே நான் போயிருப்பேன் என்று வயிறு எரிந்தது. போனவள் தன்னையும் மறந்து, தன் ஊரையும் மறந்து, ஒரு ரொட்டியின் சூட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அலைகிறாளே என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பிறந்தது பெண். லெட்டி என்று பெயர் வைத்தார்கள். தொட்டிலில் கிடக்கும்போதே காற்று அடித்தால் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கிற குழந்தை. தெர்சாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தனக்குக் கை நழுவினது மகளுக்கு நழுவக் கூடாது என்று முடிவு கட்டினாள்.

"யாராவது எதையாவது கேட்டா என்ன சொல்லணும்?"

"சரின்னு சொல்லணும்."

"எப்போ?"

"கேட்டு முடிக்கிறதுக்குள்ள."

காலையில் எழுந்ததும் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை இதுதான் அந்த வீட்டு ஜெபம். லெட்டி சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை, அதனால் வந்த வினையை எங்கள் ஊரே பார்த்தது. வாசலில் போகிறவளை "வாயேன், சாப்பிட்டுட்டுப் போ" என்று யாராவது பேச்சுக்குக் கூப்பிடுவார்கள். லெட்டி உள்ளே போய் உட்கார்ந்துவிடுவாள். சாவு வீட்டில் சோம்புக் கேக்கை முதல் தடவை நீட்டியதுமே எடுத்துக் கடித்துவிட்டாள், பிணத்தை விட்டுவிட்டு எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கிரிம்ஷா அம்மா என்று ஒருத்தி, வாய் கொஞ்சம் நீளம். தன் பூனை போட்ட குட்டிகளைக் காட்டி, "எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோயேன் கண்ணு" என்று கொஞ்சலாகச் சொன்னாள். லெட்டி "சரி" என்று பாவாடையில் வாரிக்கொண்டு வந்துவிட்டாள்.

கிரிம்ஷா அம்மா வாசலில் வந்து நின்று கத்தினாள். "என்ன வளர்ப்பு வளர்த்திருக்கே தெர்சா? ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லத் தெரியாதா? இதுக்கு அந்த டோர்க்கஸ் கழுதையே பரவால்ல போலிருக்கே!"

"டோர்க்கஸ் எங்க இருக்கா, நீ எங்க இருக்கே? போய்ப் பூனையப் பாரு போ" என்று தெர்சா திருப்பிக் கொடுத்தாள். குட்டிகளையும்தான் கொடுத்தாள்.

ஊர் மெல்ல லெட்டியைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டது. கூப்பிட்டால் வந்துவிடுகிறவளை யார் கூப்பிடுவார்கள்? மற்றப் பெண்கள் சந்தைக்குப் போகும்போது ஒருத்தி "நான் வரலப்பா" என்பாள், இன்னொருத்தி கையைப் பிடித்து இழுப்பாள், மூன்றாவது தடவை எல்லாருமாகச் சேர்ந்து தாடையைப் பிடித்துக் கெஞ்சுவார்கள், கடைசியில் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். லெட்டி சுவர் ஓரமாக நின்று பார்ப்பாள். அப்பா கட்டின சுவர்.

ஒரு நாள் கேட்டாள். "அம்மா, ஒரே ஒரு தடவை வேணாம்னு சொல்லிப் பாக்கட்டுமா?"

"எதுக்கு?"

"என்னை யாரும் ரெண்டாவது தடவை கேட்டதே இல்லம்மா. அது எப்படி இருக்கும்னு பாக்கணும்."

தெர்சாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அந்த ரெண்டாவது தடவைக்குக் காத்துக்கிட்டு நின்னுதான்டி நான் நாசமாப் போனேன்! இன்னொரு தடவை அந்தப் பேச்சு எடுத்தே, வாயிலயே போடுவேன்!"

"புள்ள சும்மாதானே கேக்குது" என்றான் ஜோப்.

"நீ உன் கல்லைப் பாரு."

லெட்டி "சரிம்மா" என்றாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

லெட்டிக்கும் பதினைந்து ஆயிற்று. வைக்கோல் காய்கிற பருவம், நல்ல வெயில். ஜோப் மேல் புல்வெளியில் சரிந்த சுவரைச் சரிசெய்துகொண்டிருந்தான். வாசலில் அம்மாவும் மகளும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். பட்டாணிக் கூடைக்குப் பக்கத்தில் படல் வந்து இறங்கியது. பர்டாக் கொஞ்சமும் மாறவில்லை, மூக்குப்பொடிகூட அதே இடத்தில் இருந்தது.

"டோர்க்கஸுக்குச் சூடு தீர்ந்துபோச்சு. லெட்டி கார்த் யாரு? காத்துக்கு ஆள் வேணும், வர்..."

"வர்றேன்" என்றாள் லெட்டி.

தெர்சா கையிலிருந்த பட்டாணியைக் கொட்டிவிட்டுக் கை தட்டினாள். உண்மையிலேயே கை தட்டினாள், சின்னப் பிள்ளைபோல. இத்தனை வருஷமாகத் தொண்டையில் சிக்கியிருந்தது ஒரு வழியாக இறங்கியது. மகள் படலில் ஏறி உட்கார்ந்தாள். என்ன அழகாக உட்கார்ந்தாள்! ஒரு காலுறை மட்டும் கணுக்காலுக்கு நழுவியிருந்தது. அதை இழுத்துவிடலாம் என்று தெர்சா குனிந்தாள். மகளின் கால் வெதுவெதுப்பாகக் கையில் பட்டது.

சூடு தீர்ந்துபோச்சு என்று அவன் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்ததுபோல் இருந்தது. விறைத்துப்போன துணிகள் நினைவுக்கு வந்தன. இந்தப் பிள்ளையும் ஒரு நாள் இதே கொடிக்கு மேலே வந்து நின்று, "தெர்சாவா? அது யாரு?" என்று கேட்கும். தெரிந்த விஷயம்தான். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். தெரிந்திருப்பது வேறு, பெற்ற பிள்ளையின் காலைக் கையில் பிடித்துக்கொண்டு தெரிந்துகொள்வது வேறு. இவள் ஒரு வார்த்தை, ஒரு பேச்சுக்காவது, "அம்மாவ விட்டுட்டு எப்படி வர்றது" என்று சொல்லக் கூடாதா? அதைச் சொல்ல விடாமல் அடித்து வளர்த்தவள் யார்?

"ஐயா, கொஞ்சம் இருங்க" என்றாள் பர்டாக்கிடம். "அவ மனசு மாறினா?"

"படல் எழும்புற வரைக்கும் அவ உங்க ஊர்க்காரிதான்" என்றான் பர்டாக். "கேக்கறதைக் கேட்டுக்கோ. எனக்கு வேலை கெடக்கு."

தெர்சாவுக்குப் போன உயிர் வந்தது. கேட்டால் போதுமே! எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் சரி என்று சொல்கிற பிள்ளையல்லவா? தானே பழக்கின பழக்கமல்லவா? வேறு யாருக்கும் இல்லாத கொடுப்பினை. அவள் படலின் கம்பைப் பிடித்துக்கொண்டு, "லெட்டி, கண்ணு, எறங்கி வந்துடுறியா?" என்று கேட்டாள்.

லெட்டி உடனே பதில் சொல்லவில்லை. அம்மாவையே பார்த்தாள். அவள் முகம் மெல்லச் சிவந்தது. பிறகு தலையைக் குனிந்து, தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வேணாம்மா."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து யாரும் கேட்டதில்லை. தெர்சாவுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஊருக்கெல்லாம் சரி என்று சொல்கிறவள், பெற்றவளுக்கு மட்டும் வேணாம் என்கிறாளா? வலித்தது. வலியோடு கூடவே ரோஷமும் வந்தது. போகணும்னுதானே வளர்த்தேன், போகட்டும், அவளாவது போகட்டும் என்று ஒரு மனசு சொல்லிற்று. கம்பை விட்டுவிட்டாள்.

"சரி" என்றாள்.

லெட்டி நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் ஏதோ வர வேண்டியிருக்கிறது என்பதுபோல் அம்மாவின் வாயையே பார்த்தாள். பர்டாக் மூக்கை உறிஞ்சினான், படல் எழும்பியது. கூரைக்கு மேலே போகிற வரைக்கும் லெட்டி கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மேல் புல்வெளியிலிருந்து ஜோப் ஓடிவந்தான், முழங்கை வரைக்கும் மண். மூச்சு வாங்கியது. வானத்தைப் பார்த்தான், காலிக் கூடையைப் பார்த்தான்.

"போயிட்டாளா? நீ கேட்டியா? எறங்கி வரச்சொல்லிக் கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"வேணாம்னா." தெர்சாவுக்குக் கண்ணீர் வழிந்தது. "எம் பொண்ணு என்கிட்ட வேணாம்னுட்டா, ஜோப்."

"அது சரி" என்றான் ஜோப், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு. "ரெண்டாவது தடவை கேட்டப்ப என்ன சொன்னா?"

தெர்சா அவனைப் பார்த்தாள். பிறகு செருப்புகூடப் போடாமல் மலையைப் பார்த்து ஓடினாள். அந்த மத்தியானம் வைக்கோல் புரட்டிக்கொண்டிருந்த எல்லாருக்கும் அவள் குரல் கேட்டது. "லெட்டி, வந்துடுறியா? லெட்டி, அம்மா கேக்குறேன், வந்துடுறியா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினாள். யாரும் கேலி செய்யவில்லை. கிரிம்ஷா அம்மாகூட வாயைத் திறக்கவில்லை. ஜோப் வீட்டு வாசலில் உட்கார்ந்து, சிந்திக் கிடந்த பட்டாணியைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான்.